இந்தோனேசிய மொழியில் 'ஹுஜான்': பெயரா, வினையா?

வணக்கம். ஜகார்த்தாவில் வேலை பார்த்துக்கொண்டே இந்தோனேசிய மொழி கற்கிறேன். இடைநிலை வகுப்பு, அடுத்த வாரம் தேர்வு. வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் என்ன வகை என்று குறிக்கும் பகுதியில் 'ஹுஜான்' (மழை) என்ற சொல்லோடு நின்றுவிட்டேன்.

சிக்கல் தரும் வாக்கியம்: 'கெமாரின் திடாக் ஹுஜான்', அதாவது நேற்று மழை பெய்யவில்லை. கே.பி.பி.ஐ என்ற அதிகாரபூர்வ இந்தோனேசிய அகராதியில் பார்த்தேன், பெயர்ச்சொல் என்றே இருக்கிறது. சரி, பெயர் என்றால் மறுப்புக்கு 'புக்கான்' (அல்ல) அல்லவா வர வேண்டும்? இங்கே வந்திருக்கும் 'திடாக்' (இல்லை) வினைக்கும் பெயரடைக்கும் உரியது என்றுதான் வகுப்பில் படித்தோம். 'ஸடாங் ஹுஜான்' (மழை பெய்துகொண்டிருக்கிறது) என்றும் எல்லாரும் சொல்கிறார்கள். 'ஸடாங்' வினையோடு வருவது. 'சங்ஙாட்' (மிகவும்) சேர்த்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அதனால் பெயரடை இல்லை என்பது மட்டும் உறுதி.

அப்புறம் 'டியா திடாக் டி ரூமா' (அவர் வீட்டில் இல்லை) கண்ணில் பட்டது. அங்கே வினையே கிடையாது, ஆனாலும் 'திடாக்' வருகிறது. ஆக அந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியவில்லை. வினைகளோடு வரும் முன்னொட்டைப் பார்க்கலாம் என்றால் 'ஹுஜான்' வெறும் வேர்ச்சொல்லாக நிற்கிறது. அலுவலக நண்பர்களுக்குப் பேச்சு இயல்பாக வருகிறது, வகை கேட்டால் ஆளுக்கொரு பதில்.

இந்தோனேசிய மொழியை முறையாகப் படித்தவர்கள் சொல்லுங்கள்: இந்த வாக்கியத்தில் 'ஹுஜான்' என்ற சொல்லை அகராதிப்படி பெயர் என்று குறிப்பதா, பயனிலையாக நிற்பதால் வினை என்று குறிப்பதா?