ஆளுநர் கையெழுத்து இல்லாமல் சட்டம் வரலாமா?

தாமிரபரணி:
2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தமிழக ஆளுநரிடம் கிடந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்றது. நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வோ, குடியரசுத் தலைவரின் கேள்விகளுக்கு விளக்கமளிக்கையில், அப்படிக் கருதவும் முடியாது, ஆளுநருக்குக் கெடு விதிக்கவும் முடியாது என்றுவிட்டது. என் ஓட்டு இரண்டாவதற்கே. ஏப்ரலில் வந்த அரசிதழைப் படித்தீர்களா? ஆளுநர் 2023 நவம்பர் 18 அன்று ஒப்புதல் அளித்ததாகக் கருதப்படுகிறது என்று அச்சிட்டிருந்தார்கள். அவர் அளிக்கவே இல்லை ஐயா! நடக்காததை நடந்ததாக எழுத நீதிமன்றத்துக்கு ஏது அதிகாரம்?

கருவேலன்:
நடந்ததையும் சொல்லுங்கள். அரசு வழக்குப் போட்ட பிறகுதான், 2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் ஒப்புதல் மறுத்தார். 18ஆம் தேதி சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு அத்தனையையும் மறுபடி நிறைவேற்றியது. இரண்டாம் முறை வந்தால் மறுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 200ஆவது பிரிவு. மறுக்கவில்லைதான்; 28ஆம் தேதி குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார். சில மசோதாக்கள் 2020ஆம் ஆண்டுச் சரக்கு.

தாமிரபரணி:
2020இல் ஆளுநரும் வேறு, ஆளுங்கட்சியும் வேறு. அந்தக் கணக்கை இவர் தலையில் கட்டாதீர்கள்.

கருவேலன்:
கட்டவில்லை. ஆள் மாறியும் கோப்பு நகரவில்லை என்றால் கோளாறு பதவியில்தானே? மசோதாக்களில் பெரும்பாலானவை துணைவேந்தர் நியமனம் பற்றியவை. என் மகள் படித்த பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரே இல்லை. பட்டமளிப்பு விழா தள்ளித் தள்ளிப் போய், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் தற்காலிகச் சான்றிதழையே மாதக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தாள்.

பழைய குமாஸ்தா:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 200ஆவது பிரிவில் ‘கூடிய விரைவில்’ என்ற சொல் இருக்கிறது. நவம்பர் அமர்வும் ஆளுநரை அடியோடு விட்டுவிடவில்லை. காரணம் சொல்லாமல் நெடுங்காலம் கிடப்பில் போட்டால், முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். என்ன முடிவு என்று மட்டும் சொல்ல முடியாது.

கருவேலன்:
அந்த ஒரு வரி உத்தரவுக்கும் வழக்கு நடத்த வேண்டும். 2023இல் போட்ட வழக்குக்குத் தீர்ப்பு 2025இல்!

தாமிரபரணி:
கெடு வேண்டுமென்றால் நாடாளுமன்றம் எழுதட்டும். 1971இல் 24ஆவது திருத்தம் அப்படித்தான் வந்தது. அரசமைப்புத் திருத்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்று அன்றே எழுதிவிட்டார்கள்.

கருவேலன்:
நல்ல யோசனை. ஆனால் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருப்பவர்கள்தானே ஆளுநர்களையும் அனுப்பிவைக்கிறார்கள்?