டிடி ஊசி போட்டு இரண்டு நாள் ஆகிறது, அம்மாவால் கையைத் தூக்க முடியவில்லை. தைலம் தேய்க்கலாமா?

கேள்வி: காசிமேட்டுப் பையன்

அம்மா காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர். செவ்வாய் விடியற்காலை வலது உள்ளங்கையில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டு, டெட்டனஸ் வராமலிருக்க இடது கையில் டிடி ஊசி போட்டார்கள். சாயங்காலமே புஜத்தில் கல்லைக் கட்டினாற்போல் வலி. இன்று வியாழன், ஜாக்கெட் மாட்டக்கூட கை மேலே போகவில்லை. ஊசி போட்ட இடம் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்து சூடாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை. முள் குத்தின கையைவிட இதுதான் வலிக்கிறது என்கிறார். பக்கத்து வீட்டு ஆயா தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார்.

தண்டையார்பேட்டை அக்கா

தேய்க்காதே தம்பி, வீக்கம்தான் கூடும். நான் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த ஊசியில் இருப்பது அரை மில்லி மருந்துதான். ரணஜன்னி (டெட்டனஸ்), தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) கிருமிகளின் நஞ்சை வீரியம் எடுத்து, கொஞ்சம் அலுமினிய உப்போடு சேர்த்துத் தசையில் போடுகிறோம். உடம்பின் எதிர்ப்பு அணுக்களை அந்த இடத்துக்கு வரவழைப்பதுதான் உப்பின் வேலை. அவை வரும்போது ரத்தக்குழாய் விரிகிறது, அதனால் சிவப்பும் சூடும். நீர் கசிந்து தசை இறுகுகிறது. நரம்பு முனையை உசுப்பும் பொருள்களும் சுரப்பதால் வலிக்கிறது. பெரும்பாலும் மூன்று நாளில் அடங்கிவிடும்.

ஈரத்துணி வைத்து எடு. கையைத் தொங்கப்போட்டே வைக்காமல் மெதுவாக ஆட்டச் சொல். தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் போதும். அம்மா இதற்கு முன் எப்போது ஊசி போட்டார்?

வியாசர்பாடி ரவி

ஊசி எந்த இடத்தில் ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். எனக்கு ஒருமுறை தோள்மூட்டை ஒட்டிப் போட்டுவிட்டார்கள். சிவப்பே இல்லை, ஆனால் மூன்று மாதம் சட்டை மாட்ட முடியாமல் கஷ்டப்பட்டேன். கடைசியில் பிசியோதெரபியில்தான் சரியானது.

காசிமேட்டுப் பையன்

விரல் வைத்துப் பார்த்தேன், தோள் எலும்புக்கு மூன்று விரல் கீழே இருக்கிறது. நான் வயிற்றில் இருந்தபோது இரண்டு ஊசியாம். அப்புறம் கத்தி பட்டு ஒன்று, இரண்டு வருஷம் முன்பு ஆணி குத்தி ஒன்று. சீட்டு எதுவும் இல்லை.

தண்டையார்பேட்டை அக்கா

இடம் சரிதான். வலி ஏன் இவ்வளவு என்பதும் புரிந்துவிட்டது. ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி நிறைய இருக்கும்போது மறுபடி போட்டால் கை இப்படித்தான் வீங்கும். அடிப்படை ஊசிகளை முழுதாகப் போட்டவருக்கு, அழுக்குக் காயமே பட்டாலும் கடைசி ஊசி போட்டு 5 வருஷம் ஆகவில்லை என்றால் மறுபடி தேவையில்லை. சுத்தமான சின்னக் காயம் என்றால் 10 வருஷம். ஆனால் கையில் சீட்டு இல்லாமல் வந்தால் நானும் போட்டுத்தான் அனுப்பியிருப்பேன், ரணஜன்னி வந்தால் உயிருக்கே ஆபத்து. கத்தியும் முள்ளுமாகப் பிழைக்கிறவர்கள் அந்தச் சீட்டைத் தொலைக்கவே கூடாது தம்பி.

சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ டாக்டரிடம் காட்டு. எனக்குக் கவலை அந்த வலது கைதான். முள் நுனி உள்ளே ஒடிந்திருக்கலாம். உள்ளங்கை வீங்கினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

காசிமேட்டுப் பையன்

சனிக்கிழமை ஆகிறது. உள்ளங்கை வீங்கவில்லை, கட்டு மாற்றியாயிற்று. இன்று காலை அம்மா இரண்டு கையையும் தூக்கித் தானே கொண்டை போட்டுக்கொண்டார். ஊசி போட்ட தேதியை கேஸ் புத்தக அட்டையில் பெரிதாக எழுதி வைத்துவிட்டேன். ரொம்ப நன்றி அக்கா.