"பால ஒப்பந்தம்" என்ற சொல் குறித்து: "இடைநிலை ஒப்பந்தம்" பொருந்துமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஐஸ் ஹாக்கியில் முதல் ஒப்பந்தம் முடிந்த இளம் வீரரோடு, நீண்டகால ஒப்பந்தத்துக்கு முன்னதாக அணி நிர்வாகம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் செய்துகொள்ளும் குறும் ஒப்பந்தத்துக்கு, முந்தைய மடலில் ஐயா "பால ஒப்பந்தம்" என்ற சொல்லை முன்வைத்திருந்தார். ஆங்கிலத்தில் பாலம் என்ற உருவகமே வழங்குவதால் அந்தச் சொல் இயல்பாகத் தோன்றியிருக்கிறது. ஆனால் பாலம் என்பது ஒப்பந்தத்தோடு சேரும்போது மகரம் கெட்டுப் "பால" என்று நிற்கிறது. பாலபாடம், பாலவாடி என்று பழகிய கண்ணுக்கு அது குழந்தையைத்தான் முதலில் நினைவூட்டும். பேசப்படுபவரும் 22, 23 வயது இளைஞராக இருப்பதால் தவறான பொருளும் வாக்கியத்துக்கு ஒத்துப்போய்விடுகிறது. தாம் தவறாகப் புரிந்துகொண்டதை வாசகர் உணரவே வழியில்லை. என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

"இடைக்கால ஒப்பந்தம்" என்பதையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. இடைக்காலத் தடை, இடைக்கால நிவாரணம் என்னும்போது, இறுதி முடிவு வந்தவுடன் அது விலகிவிடும் என்ற குறிப்பு சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. இந்த ஒப்பந்தமோ முழுமையானது; அதன் காலம் முடியும்வரை இருவரையும் கட்டுப்படுத்தும். "தகுதிகாண் ஒப்பந்தம்" பொருளில் இன்னும் நெருங்கி வருகிறது என்றாலும், அரசுப் பணியின் தகுதிகாண் பருவத்தில் சோதிக்கப்படுபவர் ஊழியர் ஒருவர் மட்டுமே. இங்கே வீரரும் அணியைச் சோதிக்கிறார். இப்போது குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு, பிறகு கூடுதலாகப் பெறலாம் என்று தம் திறமையின் மேல் துணிகிறார்.

இந்தத் துணிவு எத்தகையது என்பதற்கு வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் (NHL) ஆடும் டல்லாஸ் அணியின் கோல் காப்பாளர் ஜேக் ஆட்டிஞ்சரைச் சொல்லலாம். 2022 மே மாதம், கால்கரி அணிக்கு எதிரான தொடரின் முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தில், கோலை நோக்கி எதிரணி அடித்த 67 அடிகளில் 64-ஐத் தடுத்தார். கடைசி அடி கூடுதல் நேரத்தில் உள்ளே போனதால் அணி வெளியேறியது. அப்போது அவருக்கு வயது 23. அப்படி ஓர் ஆட்டம் ஆடியவருக்கும் அந்த ஆண்டு கிடைத்தது மூன்றாண்டு ஒப்பந்தம்தான், ஆண்டுக்கு 40 லட்சம் டாலர். 2024 அக்டோபரில் அதே அணி அவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 82.5 லட்சம் டாலர் தர உடன்பட்டது.

ஓர் இளம் காப்பாளரின் அடுத்த ஒப்பந்தத்தைக் கணிக்க முனைபவர், முதல் ஒப்பந்தம், குறும் ஒப்பந்தம், நீண்டகால ஒப்பந்தம் என்ற படிகளில் அவர் எதில் நிற்கிறார் என்பதையே முதலில் கேட்க வேண்டும். தொகை அதன் பிறகுதான். அந்தத் தொகையையும் டாலரில் ஒப்பிடாமல், ஊதிய உச்சவரம்பில், அதாவது ஓர் அணி ஒரு பருவத்தில் தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்துத் தரக்கூடிய மொத்தத் தொகையின் எல்லையில், எத்தனை விழுக்காடு என்று ஒப்பிடுவதே முறை. (உச்சவரம்பு என்ற சொல்லை நில உச்சவரம்புச் சட்டம் நமக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது, அதை மாற்ற வேண்டியதில்லை.) ஆட்டிஞ்சரின் 40 லட்சம், 2022-23 பருவத்தின் 8 கோடியே 25 லட்சம் டாலர் உச்சவரம்பில் ஏறத்தாழ 4.85 விழுக்காடு. அதே பங்கை 2026-27 பருவத்தின் 10 கோடியே 40 லட்சத்தில் வைத்துப் பார்த்தால் 50 லட்சத்தைச் சற்றே தாண்டும். மாறாக, கால்கரியின் காப்பாளர் டஸ்டின் உல்ஃப் அதே பருவத்தில் தொடங்கும்படி 2025-இல் கையெழுத்திட்ட ஏழாண்டு ஒப்பந்தம் ஆண்டுக்கு 75 லட்சம், அதாவது 7.2 விழுக்காடு. இரண்டு தொகைகளுக்கும் உள்ள இடைவெளியைத் திறமையின் வேறுபாடாக மட்டும் பார்த்தால் கணிப்பு பிழைத்துவிடும். உல்ஃபும் அதற்கு முன் ஆண்டுக்கு 8.5 லட்சத்துக்கு இரண்டாண்டு ஒப்பந்தம் ஒன்றைக் கடந்தே வந்தவர்.

காப்பாளர்கள் விஷயத்தில் அணிகள் இந்த நடுப்படியை விரும்புவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஒரு பருவத்தில் 1,500 அடிகளை எதிர்கொள்ளும் காப்பாளர் 91 விழுக்காட்டைத் தடுத்தால் 135 கோல், 90 விழுக்காட்டைத் தடுத்தால் 150 கோல் விழும். நட்சத்திரத்தையும் சராசரி ஆட்டக்காரரையும் பிரிப்பது பெரும்பாலும் இந்தப் பதினைந்து கோல்தான். ஆனால் தற்செயல் மட்டுமே அந்த எண்ணிக்கையைப் பத்துப் பதினொன்று வரை எளிதாக ஏற்றி இறக்கிவிடும். பாஸ்டன் அணியின் ஜெரமி ஸ்வேமன் 2023-24-இல் 91.6 விழுக்காடு தடுத்து, எட்டாண்டுக்கு 6 கோடியே 60 லட்சம் டாலர் பெற்றார். அடுத்த பருவத்திலேயே அது 89.2 ஆனது. சில பருவங்களை மட்டும் பார்த்து எட்டாண்டை எழுதித் தருவதில் உள்ள இடர் இது. இன்னும் இரண்டு மூன்று பருவங்களைப் பார்க்க அவகாசம் வாங்குவதே அந்தக் குறும் ஒப்பந்தத்தின் வேலை.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் "இடைநிலை ஒப்பந்தம்". முதல் ஒப்பந்தத்தைத் "தொடக்கநிலை ஒப்பந்தம்" என்றும், மூன்றாவதை "நெடுங்கால ஒப்பந்தம்" என்றும் வைத்துக்கொண்டால், தொடக்கப்பள்ளி, இடைநிலைக் கல்வி என்ற வரிசையில் வளர்ந்த எவருக்கும் விளக்கம் இல்லாமலே இடம் புரிந்துவிடும். உருவகம் போய்விடுகிறதே என்று ஐயா வருந்தக்கூடும். படிவரிசையும் ஓர் உருவகம்தான், அது நமக்கு நெருக்கமானதும்கூட. ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை: இந்த அடைமொழியை ஆளுக்குச் சூட்டக்கூடாது. "இடைநிலைக் காப்பாளர்" என்றால் சுமாரானவர் என்று பொருளாகிவிடும்.

வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன்: "தொடக்கநிலை ஒப்பந்தம் முடியும் இக்காப்பாளருக்கு, உச்சவரம்பில் ஐந்து விழுக்காட்டுக்குட்பட்ட மூன்றாண்டு இடைநிலை ஒப்பந்தத்தை எதிர்பார்க்கலாம்." எனக்கு இது தடையின்றி ஓடுகிறது. உங்கள் வாக்கியங்களிலும் இட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்.