காமன் ஆப் கட்டுரை: தமிழில் எழுதிவிட்டு ஆங்கிலமா, நேரே ஆங்கிலமா?

கன்னங்குறிச்சி:
சேலம் பக்கத்திலிருந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்காக இந்த இழை. காமன் ஆப் என்பது பல கல்லூரிகளுக்கும் பொதுவான ஒரே விண்ணப்பம். அந்தப் படிவத்தில் ஏழு தலைப்புகளில் ஒன்றை எடுத்து, 250 முதல் 650 சொற்களுக்குள் தன்னைப் பற்றி எழுத வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் வரைவைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. நேரே ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால், தெரிந்த சொற்களுக்குள் அடங்குவதை மட்டுமே எழுதும். "ஹார்ட் வொர்க்", "பேஷன்", "ட்ரீம்" மூன்றும் முதல் பத்தியிலேயே வந்துவிடும். பிள்ளை மட்டும் வராது.

செவ்வாய்ப்பேட்டை:
மறுக்கிறேன் சார். தமிழில் எழுதச் சொன்னால் கைக்குத் தானாக வருவது முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் ஒரு குறள். பள்ளிக்கூடப் பழக்கம் அது. அதை ஆங்கிலமாக்கினால் "சின்ன வயதிலிருந்தே" என்பது "ஃப்ரம் மை ஸ்மால் ஏஜ்" ஆகும்.

சொற்கணக்கும் உதைக்கும். "கேட்டுக்கொண்டிருந்தேன்" தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் "ஐ வாஸ் லிசனிங்", மூன்று. "பட்டறைக்குள்ளிருந்து" ஒரு சொல்; "ஃப்ரம் இன்சைட் த வொர்க்ஷாப்", நான்கு. 450 சொல்லில் தமிழில் அழகாக முடித்த கட்டுரை ஆங்கிலத்தில் 650-ஐத் தாண்டிவிடும். 650-க்கு மேல் படிவம் ஏற்காது. உடனே வெட்ட ஆரம்பிப்பார்கள். முதலில் வெட்டுப்படுவது நுணுக்கமான விவரம். கடைசி வரை தப்பிப்பது "வாழ்க்கைப் பாடம்" பத்தி. நடக்க வேண்டியது நேர்மாறாக.

கன்னங்குறிச்சி:
கணக்கு சரிங்க மேடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விவரம் எங்கிருந்து வரும்? கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் "என் அப்பா கடின உழைப்பாளி" என்று எழுதும். தமிழில் கேட்டால் பேச ஆரம்பிக்கும்: கண்ணியின் இணைப்பில் வெங்காரம் தடவி, ஒட்டவைக்கும் உலோகக் கலவையான பொடியை வைத்து, ஊதி பற்றவைக்கணும். சூடு குறைந்தால் பொடி உருகாது, இழுத்தால் கண்ணி பிரியும். ஒரு நொடி கூடினால் பொடியோடு கண்ணியும் உருகி, பக்கத்துக் கண்ணியோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளி சிவக்கும் நிறத்தைப் பார்த்துத்தான் தீயை விலக்க வேண்டும். கட்டுரைக்கு உயிர் இதில்தான் இருக்கிறது. பிள்ளை தமிழில் பார்த்ததை எந்த மொழியில் நினைவுபடுத்தும், சொல்லுங்கள்.

ஏற்காடு அடிவாரம்:
இருவருக்கும் இடையே வருகிறேன், மன்னிக்கவும். எந்த மொழியில் எழுதினாலும் நான் பார்க்கும் பெரிய கோளாறு வேறு. பட்டறை 400 சொல்லை விழுங்கிவிடுகிறது. படித்து முடிக்கும்போது கல்லூரியில் விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு அப்பாவை நன்றாகத் தெரிந்திருக்கும், பிள்ளையைத் தெரியாது. இடமும் தொழிலும் 150 சொல்லுக்குள் நிற்கட்டும். மீதி 500 சொல் முழுக்க, பிள்ளை என்ன செய்தது, எங்கே தப்பாக நினைத்தது, எப்போது மனம் மாறியது, அதனால் அடுத்து என்ன செய்தது.

மலையிலிருந்து எழுதும் பிள்ளைகள் இருபது கொண்டை ஊசி வளைவும் மூடுபனியும் வைத்துத் தொடங்குகிறார்கள். அது சுற்றுலாக்காரர் பார்க்கும் ஏற்காடு. எஸ்டேட் பிள்ளைக்குத் தெரிந்தது வேறு: பறித்த காபிப் பழத்தை அன்றைக்கே தோல் நீக்கப் போடாமல் குவித்து வைத்தால் குவியல் சூடேறிப் புளித்துவிடும், கொட்டையிலும் அந்த வாடை ஏறிவிடும். சாயங்காலம் எத்தனை மணிக்கு எத்தனை மூட்டை வந்து இறங்கியது என்று நோட்டில் குறித்து வைத்த பிள்ளை, அந்த நோட்டிலிருந்து தொடங்கட்டும். "பறிப்பவர்கள் மெதுவாக இருப்பதால்தான் தாமதம்" என்று முதலில் நினைத்து, நோட்டைப் பார்த்த பிறகு "வண்டி வருவதுதான் தாமதம்" என்று கண்டுகொண்டால், கட்டுரையின் நடு எலும்பு அதுதான்.

செவ்வாய்ப்பேட்டை:
அடிவாரம் அண்ணா சொல்வது முழுக்கச் சரி. ஆனாலும் மொழிபெயர்ப்பில் என் பயம் போகவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் தமிழ் வரைவை ஏதாவது ஏஐ கருவியில் போட்டுத்தான் ஆங்கிலமாக்குவார்கள், அல்லது டியூஷன் சார் ஆக்கித் தருவார். விண்ணப்பத்தில் "இது என் சொந்த எழுத்து" என்று உறுதி தந்துதான் அனுப்ப வேண்டும். ஏஐ எழுதிய சரக்கைத் தன்னுடையதாகக் கொடுப்பதை மோசடிப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது காமன் ஆப். அது போக, வெளியில் செய்த வேலைகளுக்கான கட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்து. அதைப் பிள்ளை தானே நிரப்பும். அங்கே ஒரு நடை, கட்டுரையில் வேறொரு நடை என்றால் படிப்பவர் கண்ணில் படாமல் போகாது.

கன்னங்குறிச்சி:
அப்படியானால் என் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன். தமிழில் வேண்டியது வரைவு அல்ல, குறிப்பு. அரை மணி நேரம், ஒரே சம்பவம், 200 சொல்லுக்கு மேல் வேண்டாம். முழு வாக்கியம்கூடத் தேவையில்லை: நிறம், நேரம், எடை, யார் என்ன சொன்னார்கள். தாளை மூடி வைத்துவிட்டு, மறுநாள் அதைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதட்டும். மொழிபெயர்க்க எதிரே எதுவும் இல்லாததால் பிள்ளையின் சொந்த ஆங்கிலமே வரும். எழுதி முடித்த பிறகு தாளைத் திறந்து, விட்டுப்போன விவரத்தை மட்டும் சேர்க்கலாம். "கொலுசு" அப்படியே கொலுசாக இருக்கட்டும், பக்கத்தில் இரண்டு சொல் விளக்கம் போதும்.

செவ்வாய்ப்பேட்டை:
குறிப்பு என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நன்றாக ஆங்கிலம் எழுதும் பிள்ளைக்கு அதுவும் தேவையில்லை என்பதில் மட்டும் மாறமாட்டேன்.

ஓமலூர்:
இங்கிலாந்துக்குப் போடுகிறவர்கள் இந்த இழையைப் பார்த்துக் கொலுசுக் கதை எழுதிவிடாதீர்கள். 2026 சேர்க்கையிலிருந்து, அங்கே பொது விண்ணப்பத்தை நடத்தும் யூகாஸ், தன்னைப் பற்றி எழுதும் கட்டுரையை மூன்று கேள்வியாகப் பிரித்துவிட்டது: இந்தப் பாடம் ஏன், படிப்பு எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. அங்கே பாடம்தான் பேச வேண்டும். உலோகவியல் கேட்கும் பிள்ளை, வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் பொடி ஏன் உருகுகிறது என்று எழுதினால் பொருந்தும். அப்பாவின் பாசம் பொருந்தாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு எட்டில் நான்கு கேள்வி, தலா 350 சொல்லுக்குள். 650 சொல் கட்டுரையை நறுக்கி அங்கே ஒட்ட முடியாது, தனியாக எழுத வேண்டும்.

ஏற்காடு அடிவாரம்:
நாள் கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்கூட்டிய சுற்று பல இடங்களில் நவம்பர் 1, வழக்கமான சுற்று ஜனவரி தொடக்கம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு கழுத்தைப் பிடிக்கும். காலாண்டு விடுமுறைக்குள் முதல் ஆங்கில வரைவு முடிந்தால்தான் மூன்று நான்கு முறை திருத்த நேரம் இருக்கும்.

திருத்துபவர் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் குடும்பத்தை அறியாதவராக இருக்கட்டும். எங்கே புரியவில்லை என்று அவர்தான் காட்டுவார். அவர் பேனா எடுக்கக் கூடாது, கேள்வி மட்டும் கேட்க வேண்டும். "ஐ ஹெல்ப்ட்" என்று பிள்ளை எழுதியதை "ஐ எண்டெவர்ட்" என்று மாற்றுகிற கை வந்தால் தாளைத் திரும்ப வாங்கிவிடுங்கள். கடைசியாகப் பிள்ளையே சத்தமாக வாசிக்கட்டும். நாக்கு தடுக்குகிற சொல் அதனுடையது இல்லை. அதை எடுத்துவிட்டு, வாயில் இயல்பாக வருகிற சொல்லைப் போடலாம்.