சென்னை – பலாலி: 355 கி.மீ.க்கு ஒன்றேகால் மணி நேரமா?

வளசரவாக்கம் மகள்:
அம்மாவுக்கு 71 வயது. யாழ்ப்பாணம் பக்கம் சுன்னாகத்தில் பிறந்தவர். 1984-இல் இங்கே வந்தபிறகு ஊர்ப்பக்கம் போகவே இல்லை. இந்த ஆவணியில் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். ஒரு கணக்கு மட்டும் உதைக்கிறது.

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலி நேர்கோட்டில் சுமார் 355 கி.மீ. கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கா 645 கி.மீ. பக்கம் வருகிறது. ஆனால் டிக்கெட்டில் பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம், கொழும்புக்கும் ஏறக்குறைய அதேதான்! தூரக் கணக்குப் போடும் ஒரு தளமோ பலாலிக்கு முக்கால் மணி நேரம் போதும் என்கிறது. எதை நம்ப? அம்மாவுக்கு முட்டிவலி, காலை மடக்கியே உட்கார முடியாது. அதனால்தான் நிமிடம் பார்க்கிறேன்.

விமானப் பைத்தியம்:
டிக்கெட்டை நம்புங்கள். அந்தத் தளங்கள் தூரத்தை ஜெட் வேகத்தால் வகுத்துச் சொல்பவை. பலாலிக்குப் போவது ஜெட் இல்லை, விசிறி வைத்த ஏடிஆர் 72. மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் பறக்கும். கொழும்புக்குப் போகும் ஏ320 ஜெட் 800-ஐத் தாண்டிவிடும். தூரம் பாதியானாலும் நேரம் பாதியாகாததற்கு அதுதான் முக்கியக் காரணம். அப்புறம், டிக்கெட்டில் போடுவது விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்குமான நேரம். ஓடுபாதைக்காக வரிசையில் காத்திருப்பதும் அதற்குள் அடக்கம். விசிறிச் சத்தம் இருக்கும், காதுக்குப் பஞ்சு கொடுங்கள்.

வலிகாமத்தான்:
அக்கா, கொழும்பு வழியை விட்டுவிடுங்கோ. கட்டுநாயக்காவில் இறங்கின பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் ஏழு, எட்டு மணித்தியாலம். முட்டிவலிக்காரருக்கு அது சரிவராது. பலாலியில் இறங்கினால் சுன்னாகம் பக்கத்திலேயே, ஓட்டோவிலேயே போகலாம். சின்ன விமானம், எழுபத்துச் சொச்சம் பேர்தான். மணிக்கூட்டையும் மாற்றத் தேவையில்லை, இரண்டு பக்கமும் ஒரே நேரம்.

வளசரவாக்கம் மகள்:
சரி, பலாலிதான். அம்மாவிடம் சொன்னேன். முட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை, "எந்தப் பக்க ஜன்னல்?" என்று கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விமானப் பைத்தியம்:
போகும்போது வலப்பக்கம். கிட்டத்தட்ட நேர் தெற்கே போவதால் நம் கரை அந்தப் பக்கம்தான் வரும். மேகம் இல்லாவிட்டால் கோடிக்கரை தெரியலாம். அங்கிருந்து பலாலி 60 கி.மீ. அளவுதான், பத்து நிமிடம். பெல்ட்டைப் போடச் சொல்லிவிடுவார்கள்.

வலிகாமத்தான்:
திரும்பி வரேக்கை இடப்பக்கம். ஆனால் அம்மா அப்போது வெளியே பார்ப்பாவோ தெரியாது.