நோக்குநிலையா, கதைக்கண்ணா?

அன்புள்ள குழுவினருக்கு,

கதையை யார் பார்வையில் பார்க்கிறோம் என்பதைக் குறிக்கும் 'பாயிண்ட் ஆஃப் வியூ'வுக்குக் 'கதைக்கண்' என்று சொல்லலாமே என்றிருந்தேன். நோக்குநிலை என்ற சொல் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று மதுரை ஐயா கேட்டிருந்தார். விமர்சனக் கட்டுரைக்கு அது போதும், மறுக்கவில்லை. எனக்குச் சிக்கல் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளோடு. எங்கள் மண்டபம் ஊரில் சனிக்கிழமைதோறும் பதினைந்து பேரை உட்காரவைத்துக் கதை வாசிக்கிறோம். "இந்தக் கதையோட நோக்குநிலை என்ன?" என்று கேட்டேன். "பொய் சொல்லக் கூடாது சார்" என்றான் ஒருவன். நோக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. (அது எங்கள் கடற்கரையில் இருக்கும் வலிநோக்கத்துக்குப் பக்கத்து ஊரா என்று இன்னொருத்தி கேட்டது தனிக்கதை.)

தொல்காப்பியச் செய்யுளியல் அடுக்கும் 34 உறுப்புகளில் நோக்கும் ஒன்று. ஆனால் அங்கே அதற்குப் பொருள் வேறு: மாத்திரை தொடங்கி அடிவரை ஒரு செய்யுளை நின்று கவனிக்கவைக்கும் தன்மை. அந்தப் பழைய சொல்லின் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றவேண்டுமா?

> அதே பட்டியலில் கூற்றும் இருக்கிறதே. தலைவி கூற்று, தோழி கூற்று என்று புழங்கிய சொல். அதையே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, அம்மா. ஆனால் கூற்று, 'யார் பேசுகிறார்' என்பதற்குத்தான் பதில். 'யார் பார்க்கிறார்' என்பது வேறு கேள்வி. பிரெஞ்சு விமர்சகர் ஜெரார் ஜெனெத் 1972-ல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். பிள்ளைகள் தடுக்கி விழுவதும் சரியாக இங்கேதான். 'நான்' என்று வந்தால் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். 'அவன்' என்று வந்துவிட்டால், "இது சும்மா கதை சார், யாரும் பாக்கலை" என்கிறார்கள்.

இதற்கு எனக்குக் கைகொடுத்தது நம் இலக்கணமே. தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கு, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்க இயலில் இருக்கிறது அல்லவா? அதைச் சூத்திரமாகச் சொல்லாமல் இரண்டு வரியைப் பலகையில் எழுதினேன். 'வள்ளம் கரைக்கு வந்தது.' 'வள்ளம் கரைக்குப் போனது.' இரண்டிலும் 'நான்' இல்லை. வடகடலுக்குப் போன வள்ளம் காற்றில் மாட்டி, விடிந்த பிறகு திரும்புகிறது. கரையில் அம்மா, வள்ளத்தில் அண்ணன். எந்த வரி யாருடையது? ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம், "வந்ததுன்னா அம்மா கண்ணு சார். போனதுன்னா கரையில இல்லாத ஆளு கண்ணு" என்றாள் ஒரு பெண். அன்று மாலை, வாசித்து முடித்த கதைகளில் எல்லாம் 'வந்தான்', 'போனான்' தேடி அடிக்கோடு போட்டார்கள். சில இடத்தில் நானே தோற்றேன்.

அந்தப் பெண் சொன்ன 'கண்'ணை அப்படியே எடுத்துக்கொண்டுதான் 'கதைக்கண்' என்கிறேன். ஒருகண் கதை, பலகண் கதை, கண் மாறும் இடம் என்று மேலும் கட்டிக்கொண்டு போகலாம். நோக்குநிலையை வைத்து இப்படிக் கட்ட முயன்றால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும்.

> கண் என்றால் பார்ப்பது மட்டும்தானே? இருட்டில் காதால் கேட்டு நகரும் கதைக்கு என்ன செய்வீர்கள்?

நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் கண் விழி மட்டும் இல்லை. ஏழாம் வேற்றுமை உருபாக வரும்போது இடத்தையும் குறிக்கிறது. 'கதைக்கண்' என்றால் 'கதையில்' என்று பண்டிதர் யாராவது படிக்கக்கூடும், படிக்கட்டும். எங்கள் கடற்கரையில் இதைவிட முக்கியமான கண் ஒன்று உண்டு: வலைக்கண். கண் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்துத்தான் எந்த மீன் நிற்கும், எது நழுவும் என்பது. கதையிலும் அதே கணக்குதான். அம்மாவின் கண்ணில் அடுப்பு அணைந்ததும் அடுத்த வீட்டு விளக்கும் மாட்டும், என்ஜின் நின்ற சத்தம் நழுவிவிடும். அண்ணன் கண்ணில் அது தலைகீழ். காதால் கேட்டதும் இந்த வலையில் மாட்டியதுதான். இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் வீட்டுத் திண்ணையில் தினமும் யாராவது கிழிந்த வலையைப் பொத்துகிறார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. எல்லார் மனசுக்குள்ளும் புகுந்து வரும் கதைசொல்லியை என்ன சொல்வது? 'முழுக்கண்' எனக்கு ருசிக்கவில்லை. போன வாரம் பிள்ளைகளிடமே கேட்டேன். "லைட் ஹவுஸ் கண்ணு" என்றான் பாம்பனில் இருந்து வரும் பையன். நன்றாக இருக்கிறதே என்று எழுதிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவன் விடவில்லை: "லைட் ஹவுஸுக்கு வீட்டுக்குள்ள தெரியாதுல்ல?"

எழுதியதை அடித்துவிட்டேன். உங்களிடம் ஏதாவது இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.