இன்றும் உறுத்தும் ஒரு படம்: உங்களுக்கும் உண்டா?

பழைய ரோல்:

படம் எடுக்கத் தொடங்கி முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. புதியவர்கள் என்னிடம் எந்த லென்ஸ் நல்லது என்றுதான் கேட்கிறார்கள், நானும் அலுக்காமல் சொல்கிறேன். இது லென்ஸ் விஷயம் அல்ல.

1994. கையால் ஃபிலிம் சுற்றும் கேமரா. கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர், ஐம்பது வயதுக்குள் இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டிலிருந்து மெல்லிய வெளிச்சம். அப்படி ஒரு வெளிச்சம் அதன்பிறகு எனக்குக் கிடைத்ததே இல்லை. வலது கண்ணில் செருகிய உருப்பெருக்கிக் கண்ணாடி, கையில் சிறு இடுக்கி, அதன் நுனியில் மயிரிழை போன்ற சுருள்வில். அவர் மூச்சு விடும்போதெல்லாம் அது நடுங்கியது. அந்த நடுக்கத்துக்காகவே ஒரு மணி நேரம் நின்று எடுத்தேன். 36 படம் எடுக்கும் ரோல். எண்காட்டி 37 என்றது, 38 என்றது. ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோல் எந்தத் தடையும் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்போதுதான் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "தம்பி, இடப்பக்கம் ஒரு குமிழ் இருக்கிறதே, அது சுற்ற வேண்டாமா? முதலிலிருந்து பார்க்கிறேன், அசையவே இல்லை."

"இல்லை ஐயா, இந்த மாடல் அப்படித்தான்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "ஓ" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் பல்சக்கரங்களோடு இருக்கிற மனிதரிடம் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

தெருவுக்கு வந்து பின்மூடியைத் திறந்தேன். ஃபிலிமின் நுனி சுருட்டும் உருளையில் மாட்டவே இல்லை. நான் மடித்துவிட்ட அதே மடிப்போடு டப்பாவின் வாயிலேயே கிடந்தது. ஒரு படம்கூட இல்லை.

இப்போது மறுபடியும் ஃபிலிம் பக்கம் வரும் இளையவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ரோலைப் போட்டு மூடியதும் இடப்பக்கக் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லத் திருகித் தொய்வை எடுத்துவிடுங்கள். இறுகியதும் நிறுத்துங்கள். அடுத்து நெம்புகோலைத் தள்ளும்போது அந்தக் குமிழ் எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால், பார்ப்பவர் யாராவது சொல்வதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுங்கள்.

நிழற்குடை:

அண்ணா, சொல்லியிருக்கலாமே. "மன்னியுங்கள், மறுபடி எடுக்கட்டுமா" என்று கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே இன்னொரு கடிகாரத்தைத் திறந்திருப்பார். வெளிச்சமும் அங்கேயேதான் இருந்தது. படம் போனதைவிட, கேட்காமல் வந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சரி, என் பங்குக்கு. தோழியின் குழந்தை நடக்கத் தொடங்கிய நாள். சுவரை விட்டுவிட்டு மூன்று அடி, பிறகு பொத்தென்று விழுந்து தன் கைகளையே பார்த்தது. அந்தக் கைகளைப் பார்த்த முகம் என்னிடம் இருந்தது. மறுநாள் வேறொரு நிகழ்ச்சிக்குப் போன அவசரத்தில் கார்டை ஃபார்மேட் செய்தேன். "உறுதியாகவா?" என்று கேமரா கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அழுத்திய விரல் மேலெழும்போதே தெரிந்துவிட்டது. அதன்பிறகும் அதே கார்டில் இருநூறு படம் எடுத்தேன், பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் கோப்புகளின் பட்டியல்தான் அழிகிறது, மேலே புதிதாக எழுதாதவரை மீட்டுவிடலாம் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

தோழி இன்னும் அந்தப் படங்களைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபடியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஆகவே மேலே அண்ணாவுக்குச் சொன்ன அறிவுரையை நானே கடைப்பிடிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முக்காலி:

எனக்கும் உண்டு. முழுநிலா, மலைமுகடு, நடுவில் ஒற்றை மரம். நிலா வெள்ளைத் தட்டாக வந்தது. அவ்வளவுதான் கதை.

ஆனால் ஏன் அப்படி வந்தது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. இரவில் எடுக்கிறோம் என்பதற்காக அதற்கு இரவு அளவு கொடுக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் பொருளுக்கு லென்ஸ் துளையை எஃப் 16இல் வைத்து, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டர் திறந்திருக்கும் நொடிப் பின்னத்தின் கீழெண்ணாக வைக்கும் பழைய கணக்கு தெரியும் அல்லவா? நிலாவுக்கு எஃப் 11. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. கேமரா கறுத்த வானத்தைப் பார்த்துப் பயந்துபோய் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அதன் பேச்சைக் கேட்காதீர்கள். 1941இல் அமெரிக்க நிலக்காட்சிப் படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊருக்கு மேலே நிலா எழுந்த அந்தப் பெயர்பெற்ற படத்தை எடுத்தபோது ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாச அளவு மனப்பாடமாகத் தெரிந்திருந்ததால் அதிலிருந்தே கணக்குப் போட்டார். இரண்டாவதாக ஒன்று எடுப்பதற்குள் அந்த ஊர்க் கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது.

அடுத்து, கை நடுக்கம். 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் 1/400 நொடிக்குக் கீழே போகாதீர்கள், படம் பதியும் சென்சார் சிறியதென்றால் 1/600. ட்ரைபாட்டில் வைத்து நீண்ட நேர ஷட்டர் என்றால் லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். சில லென்ஸ்களில், அசையாத கேமராவை அதுவே அசைக்கும். அறைக்குள் எல்.இ.டி. விளக்கின் கீழ் பட்டை பட்டையாக விழுகிறதா? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன, 1/100 அல்லது 1/50 வையுங்கள். குளிரிலிருந்து வெப்பமும் ஈரமும் உள்ள இடத்துக்குப் போனால் கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, சூடு சமனாகும்வரை திறக்காதீர்கள். முத்துமுத்தாக நீர் பையின் மேல் படியட்டும், லென்ஸின் மேல் வேண்டாம்.

நிழற்குடை அவர்களுக்கு: எல்லாவற்றையும் ஒரே கார்டில் வைத்திருந்ததுதான் உங்கள் தவறு. இரண்டு கார்டு போடும் ஸ்லாட் உள்ள கேமரா வாங்குங்கள்.

நிழற்குடை:

நிலாவைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே, ஐயா. எல்.இ.டி. விளக்குக்குச் சொன்ன 1/100 மட்டும் பயன்பட்டது, நன்றி.

சிறகு:

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கூடு ஒன்று, மூன்று குஞ்சுகள். தாய் இரை கொண்டுவரும் நேரம். ஒரு சிறு கிளை குறுக்கே நின்று சரியாக நடுக்குஞ்சின் வாயை மறைத்தது. ஒடிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நூலால் பக்கத்தில் இழுத்துக் கட்டினேன். நாலைந்து இலைகள், அவ்வளவுதான். மூன்று வாய்களும் திறந்திருக்க, தாய் இறக்கையை மடக்காமல் நிற்கும் படம் கிடைத்தது. என் வாழ்க்கையிலேயே நன்றாக வந்த படம் அது. இருட்டிவிட்டது, நூலை அவிழ்க்காமல் வந்துவிட்டேன்.

காலையில் போனபோது ஒரு காகம் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நூல் மட்டும் அப்படியே இறுக்கமாக இருந்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால்தான் நிற்பார்கள். போன மாதம் கழற்றிவிட்டேன். ஆணி இன்னும் இருக்கிறது.

முக்காலி:

இதில் உங்களைக் குறைசொல்ல முடியாது. காகம் எப்படியும் கண்டுபிடிக்கும். எத்தனையோ கூடுகள் யாரும் படம் எடுக்காமலேயே அழிகின்றன.

சிறகு:

இருக்கலாம். ஆனால் அந்த இலைகள் அங்கே இருந்ததற்குக் காரணம் இருந்தது. பறவை இடம் பார்த்துத்தான் கட்டியிருந்தது, நான்தான் எனக்கு வசதியாகத் திறந்துவைத்தேன். வெயிலுக்கும் அதுதான் மறைப்பு. பல காட்டுயிர்ப் படப் போட்டிகளில் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. அதைக் கெடுபிடி என்று திட்டிக்கொண்டிருந்தவன் நான். தயவுசெய்து ஆறுதல் சொல்லாதீர்கள்.

தெருமுனை:

இரண்டு ஸ்லாட் பற்றி முக்காலி எழுதியதால் இதைச் சொல்கிறேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒருவர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். மழை விட்ட நேரம், தரையெல்லாம் பிரதிபலிப்பு. எடுத்தேன். ஷட்டர் சத்தத்துக்கு நிமிர்ந்தார். கோபப்படவில்லை. "இன்று வேண்டாமே, அழித்துவிடுங்கள்" என்று மட்டும் கேட்டார். இன்று என்ற அந்தச் சொல்தான். பக்கத்தில் உட்கார்ந்து திரையைக் காட்டி, அவர் கண் முன்னாலேயே அழித்தேன். நன்றி என்றார். பஸ் வந்தது, ஏறிப் போனார்.

இரவில் கணினியில் போட்டால் படம் இருக்கிறது. என் கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு கார்டிலும் எழுதும். பார்த்துக்கொண்டிருந்த கார்டில்தான் அழித்திருக்கிறேன், மற்றதில் பத்திரமாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, ஆனால் அவரிடம் காட்டியது பொய்யாகிவிட்டது. யாராவது அழிக்கச் சொன்னால் இரண்டு கார்டையும் பாருங்கள்.

நிழற்குடை:

பிறகு அழித்துவிட்டீர்கள்தானே?

தெருமுனை:

நல்ல படம்.

நிழற்குடை:

அது பதில் இல்லை.

தெருமுனை:

தெரியும். யாருக்கும் காட்டியதில்லை, எங்கும் போட்டதுமில்லை. அழிக்கப் போய் மூன்று முறை திரும்பி வந்திருக்கிறேன்.

முக்காலி:

பொது இடத்தில் எடுத்தது. பல நாடுகளில் சட்டப்படி அதில் தவறே இல்லை.

சிறகு:

அவர் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

பழைய ரோல்:

எல்லாவற்றையும் படித்தேன். நிழற்குடை சொன்னது சரி, அன்று மறுபடி கேட்டிருக்க வேண்டும். பிறகு போய்ப் பார்த்தீர்களா என்று தனியாகவும் ஒருவர் கேட்டிருந்தார். போகவில்லை. அந்தத் தெரு வழியாகப் போக வேண்டி வந்தபோதெல்லாம் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

அந்தக் கேமரா இன்னும் அலமாரியில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். வேகமான ஷட்டர் எல்லாம் வேலை செய்கிறது. 1/15க்குக் கீழே வந்தால் பாதியில் நின்றுவிடுகிறது. இந்தப் பழைய கேமராக்களில் மெதுவான ஷட்டருக்கு உள்ளே கடிகாரத்தில் இருப்பது போலவே ஒரு பல்சக்கர வரிசை உண்டு. எண்ணெய் பழசாகிக் கெட்டியானால் அது ஒட்டிக்கொள்ளும். திறந்து, துடைத்து, எண்ணெய் விட வேண்டும். அதற்குப் பொறுமையான கை வேண்டும், கண்ணில் செருகும் கண்ணாடியும் வேண்டும்.

அப்படி ஓர் ஆளை எனக்கு ஒரே ஒரு இடத்தில்தான் தெரியும்.